தோணி போன கால்வாயில் நான்கு நாள்

விருத்தாசலத்தில் கிளம்பும் சாலை கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று கிழக்கே போய்ப் பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்க்கிறது. சாலைக்குத் தெற்கே வெள்ளாறும் அதே கடலுக்குத்தான் போகிறது. விருத்தாசலத்தைத் தொட்டு வரும் மணிமுத்தாறு, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்துகொள்கிறது. சேத்தியாத்தோப்பில் அணைக்கட்டு, அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள். கம்மாபுரம் வட்டாரத்தில் வாய்க்கால் என்றால் பாசனம், இல்லாவிட்டால் வடிகால். நெல்லும் மல்லாட்டையும் மாட்டு வண்டியில் போயின. பிறகு விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறின. இப்போது லாரி.

அதனால்தான் தாய்லாந்துக் கிராமங்களின் கால்வாய்ப் பயணத்தை டிவியில் பார்க்கும்போது நம்மவர்களுக்கு வியப்பாக இருக்கிறது. ஒரு படகு. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. இருபுறமும் நெல் வயல், தென்னை, கோயில், பள்ளிக்கூடம். யாருக்கும் அவசரமில்லை. நாலைந்து நாள் இப்படியே போகிறார்கள். நம் பக்கம் இப்படி ஒரு பயணம் இருந்ததுண்டா?

இருந்தது. கம்மாபுரத்திலிருந்து வடகிழக்கே, விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் தொடங்கி, சென்னை வழியாக ஆந்திரம் வரை தோணிகள் போய்வந்த கால்வாய் ஒன்று இன்றும் இருக்கிறது. தோணிதான் இல்லை. தோணி நின்றதும் கால்வாய்க்கு என்ன ஆனது என்பது, படகே போகாத வாய்க்காலை நம்பி நடவு செய்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பயணத்துக்கு வெட்டிய கால்வாய்கள்

தாய்லாந்தில் கால்வாயை ‘குலோங்’ என்கிறார்கள். பாங்காக்கிலிருந்து கிழக்கே போகும் ‘சேன் சேப்’ கால்வாய் 1837 முதல் 1840 வரை வெட்டப்பட்டது. போருக்கு ஆளும் தளவாடமும் கொண்டுபோக வெட்டியது அது. அதன் ஒரு பகுதியில் இன்றும் பாங்காக் மக்கள் வேலைக்குப் படகில் போகிறார்கள். மேற்கே உள்ள ‘டம்நேன் சதுவாக்’ கால்வாய் 1866-இல் தொடங்கி 1868-இல் முடிந்தது. சுமார் 32 கி.மீ. நீளத்தில் இரண்டு ஆறுகளை இணைக்கிறது. அதன் கரையில் மண்ணை வெட்டிப் பாத்தியாக உயர்த்தி, பாத்திகளுக்கு இடையில் தண்ணீர் நிற்கும் அகலமான கால்களை விட்டிருக்கிறார்கள். மேட்டில் தென்னை, பழமரங்கள், காய்கறி. பள்ளத்தில் சின்னப் படகு. அந்தப் படகில் பம்பை வைத்து, கால் வழியாகப் போய்க்கொண்டே இரு பக்கமும் தண்ணீர் தெளிப்பது அங்கே உள்ள விவசாயிகளின் வழக்கம். விளைந்தது அதே படகில் சந்தைக்குப் போகிறது.

நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் குட்டநாடு. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் பூமி. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய கெட்டுவள்ளத்தில் அந்த நெல் கொச்சிக்குப் போனது. லாரி வந்ததும் வள்ளங்களுக்கு வேலை போயிற்று. பிறகு கூரையும் அறையும் கட்டி, சுற்றுலாப் பயணிகள் தங்கும் படகு வீடாக மாற்றினார்கள். ஆலப்புழையில் இன்று காணும் படகு வீடுகளின் மூதாதை நெல் சுமந்த வள்ளம்தான்.

தமிழ்நாட்டிலும் சுமைக்காக வெட்டிய கால்வாய்கள் உண்டு. வேதாரண்யத்து உப்பை நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோக 19-ஆம் நூற்றாண்டில் வேதாரண்யம் கால்வாய் வெட்டப்பட்டது. எல்லாவற்றிலும் பெரியது பக்கிங்ஹாம் கால்வாய்.

பீங்கானும் கால்வாயும்

ஒரு மாட்டு வண்டியில் ஒரு டன் ஏற்றினாலே மாடு திணறும். அதே பாரத்தைத் தண்ணீரில் மிதக்க விட்டால் நிலைமை வேறு. இங்கிலாந்தின் கால்வாய்களில் கரையோரம் நடந்த ஒற்றைக் குதிரை, 25 டன் ஏற்றிய படகை இழுத்தது. மேடு பள்ளம் இல்லை, சக்கரம் பதிவதில்லை, சாமான் குலுங்குவதில்லை.

குலுங்காமல் போவதன் அருமை பீங்கான் செய்கிறவர்களுக்குத் தெரியும். விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போன ஊர். அரசு பீங்கான் தொழில்நுட்ப நிறுவனமே அங்கே இருக்கிறது. அகல் விளக்கும் பொம்மையும் ஏற்றுகிறவர்கள் வைக்கோலைத் திணித்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் உற்பத்தியாளருக்கும் இதே கவலை. குண்டும் குழியுமான சாலையில் கழுதை மேலும் வண்டியிலும் போன பாத்திரங்கள் உடைந்தன. தூரத்திலிருந்து வர வேண்டிய வெள்ளைக் களிமண்ணுக்கும் வண்டிக் கூலி அதிகம். அவர் முன்னின்று ஆதரித்ததால் டிரென்ட்–மெர்சி கால்வாய் வேலை 1766-இல் தொடங்கி 1777-இல் முடிந்தது. களிமண் படகில் வந்தது, பாத்திரம் படகில் போனது. அவருடைய பட்டறையும் கால்வாய்க் கரையிலேயே இருந்தது.

சென்னைக்கு அப்படிப்பட்ட தேவை விறகிலும் உப்பிலும் இருந்தது. கேஸ் அடுப்பு வராத காலத்தில் ஒரு பெரிய நகரம் தினமும் எரிக்கும் விறகு கொஞ்சமல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ரயில் எஞ்சினுக்கும் விறகு வேண்டியிருந்தது. அதற்காகக் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் போடப்பட்டன. இன்று கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் காகித ஆலைக்காகவும் கழிக்காகவும் நடும் சவுக்கு, இந்தக் கடற்கரையில் பரவியதற்குப் பின்னால் சென்னையின் அடுப்பும் இருக்கிறது. அந்த விறகைச் சுமந்தது கால்வாய்.

தாது வருஷத்தில் இணைந்த கால்வாய்

முதல் பகுதி 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டது. வெட்டியவர் பெயரால் அது கொக்ரேன் கால்வாய். பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-இல் அரசு எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. ஆனால் சென்னை நகருக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் சுமார் 8 கி.மீ. வெட்டாமலே கிடந்தது. தெற்கிலிருந்து வரும் தோணி அடையாற்றோடு நின்றது.

அந்த இடைவெளியை அடைத்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு நிவாரண வேலையாகக் கொடுக்கப்பட்டவற்றில் ஒன்று இந்த 8 கி.மீ. மண்வெட்டு. 1877 தொடக்கத்தில் சென்னை மாகாணத்து நிவாரண வேலைகளில் ஓர் ஆண் ஆளுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் அளவு தானியமும் ஓரணாவும் என்று குறைக்கப்பட்டது. மண் சுமக்கிற உடம்புக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. 1878-இல் வேலை முடிந்தது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய் முழுவதற்கும் வந்தது. வெட்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து சென்னை வரை சுமார் 316 கி.மீ., சென்னையிலிருந்து மரக்காணம் வரை சுமார் 110 கி.மீ. வடக்கில் அது கிருஷ்ணா டெல்டாவின் கால்வாயோடு சேர்ந்ததால், விஜயவாடா பக்கத்து நெல்லும் தண்ணீரிலேயே சென்னைக்கு வர முடிந்தது.

மரக்காணத்திலிருந்து ஒரு விறகுத் தோணி

காற்று வாட்டமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் மூங்கில் கழி ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் போதாதபோது ஆள் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார். நடக்கிறவரின் வேகம்தான் தோணியின் வேகம். மணிக்கு 3 கி.மீ., நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால் மரக்காணத்திலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய நான்கு நாள். அந்த நான்கு நாள் வழியை இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகிறவரும் அங்கங்கே பார்க்கலாம்.

முதல் நாள், மரக்காணம். ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று உப்பளம். ஊருக்குள் சோழர் காலப் பூமீஸ்வரர் கோயில். தெற்கே பறவைகள் வந்திறங்கும் கழுவேலி. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இது நன்னீர்க் கால்வாய் அல்ல என்பதை இங்கேயே பார்த்துவிடலாம். கடலுக்கு இணையாக, கழிமுகங்களைக் கோத்துக்கொண்டு போவதால் ஓதம் ஏறினால் உப்புநீர் ஏறும், வற்றினால் வற்றும். பாசனத்துக்கு உதவாது. சுமைக்கும் வடிகாலுக்கும் மட்டும் வெட்டியது.

மரக்காணம் தாண்டினால் இடைக்கழிநாடு. கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையில் நீண்டு கிடக்கும் மணல் பூமி என்பதால் அந்தப் பெயர். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். பரிசில் தேடிப் போகும் பாணனுக்கு எந்த ஊர் வழியாகப் போவது, எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வழி சொல்லும் பாட்டு அது. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கடப்பாக்கத்தில் கழியின் ஓரமாக ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1760-இல் ஆங்கிலேயர் தகர்த்தது. சுற்றிலும் தென்னை, சவுக்கு. கோடையில் சாலையோரம் தர்ப்பூசணிக் குவியல்.

இரண்டாம் நாள், பாலாறு. ஆற்றைக் குறுக்கே கடக்கும் இடம்தான் தோணிக்குக் கண்டம். வெள்ளம் வந்தால் ஆறு மண்ணைக் கொண்டுவந்து கால்வாயில் தள்ளிவிடும். ஆற்றின் மட்டம் ஒன்று, கால்வாயின் மட்டம் ஒன்று. இதற்காக ஆறுகளைக் கடக்கும் இடங்களில் ‘லாக்’ கட்டினார்கள். நம் ஊர் ஷட்டரை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். ஒரு ஷட்டருக்குப் பதில் சற்று இடைவெளி விட்டு இரண்டு கதவு. நடுவில் தொட்டி. தோணி தொட்டிக்குள் வந்ததும் பின்கதவை மூடுவார்கள். முன்பக்கத்து மட்டத்துக்குத் தொட்டியில் தண்ணீரை ஏற்றவோ இறக்கவோ செய்துவிட்டு, முன்கதவைத் திறப்பார்கள். தோணி அலுங்காமல் அடுத்த மட்டத்துக்குப் போய்விடும். சென்னைத் திருவல்லிக்கேணிப் பக்கம் ‘லாக் நகர்’ என்று ஓர் இடம் இருக்கிறது. தோணி மறைந்த பிறகும் பெயர் நிற்கிறது.

பாலாறு தாண்டினால் டச்சுக்காரர் கோட்டை உள்ள சதுரங்கப்பட்டினம், பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம், பிறகு மாமல்லபுரம். 1930-களில் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இதே கால்வாயில் தோணியில் போனார் பாரதிதாசன். அந்தப் பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாட்டாகவும் எழுதினார். பேருந்து பெருகாத அந்தக் காலத்தில் மாமல்லபுரம் போக இது சாதாரண வழி.

மூன்றாம் நாள், கோவளம், முட்டுக்காடு. உப்பங்கழி அகன்று கால்வாயோடு கலக்கும் இடம். இந்த வழியில் சாதாரண ஆள் இன்று பணம் கொடுத்துப் படகில் ஏறக்கூடிய இடம் முட்டுக்காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே படகுத் துறை நடத்துகிறது. ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கரைக்கு வந்துவிடலாம். ஊர் விட்டு ஊர் போக முடியாது.

நான்காம் நாள், சென்னை. சோழிங்கநல்லூரில் மேற்கே பழைய மகாபலிபுரம் சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. இரண்டுக்கும் நடுவில், கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் கால்வாய் போகிறது. ஆகாயத்தாமரை மூடிய இடமும் உண்டு, சாக்கடை கலந்து கறுத்த இடமும் உண்டு. அடையாறு தாண்டி மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம். இங்கே கால்வாயின் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. முதல் ரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடியது. தாது வருஷத்துப் பசியோடு வெட்டிய அந்த 8 கி.மீ.யில் பெரும்பகுதி இன்று இந்தத் தூண்களுக்குக் கீழே கிடக்கிறது.

தோணி எப்படி நின்றது?

ஒரே நாளில் நிற்கவில்லை. ரயில் வந்து நெல்லை எடுத்துக்கொண்டது. லாரி வந்து விறகையும் உப்பையும் எடுத்துக்கொண்டது. நான்கு நாள் வழியை லாரி நான்கு மணி நேரத்தில் கடந்தது. 1965, 1966 புயல்களில் கால்வாய் பல இடங்களில் சிதைந்தது. தோணி ஓடிக்கொண்டிருந்தால் சீர்செய்யச் சொல்லிக் கேட்க ஆள் இருந்திருக்கும். கேட்கிறவர்கள் குறைந்துபோயிருந்தார்கள்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. தோணி ஓடியவரை கால்வாயின் ஒவ்வொரு கெஜத்தையும் தினமும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். மண் தட்டினால் முதலில் தெரிவது தோணிக்காரருக்கு. தோணியின் அடி உரசும். கரை சரிந்தால் தெரிவது கயிறு இழுத்து நடப்பவருக்கு. கால் வைக்க இடம் இருக்காது. குறுக்கே யாராவது வேலி போட்டால் அன்றைக்கே சண்டை வந்துவிடும். கால்வாய்க்கும் படகுத் துறைக்கும் என்றே 1890-இல் தனிச் சட்டம் இருந்தது. படகுக்கு உரிமமும் சுங்கமும் உண்டு. காசு வாங்கியதால் அரசுக்கும் கால்வாயைத் தூர்வார வேண்டிய கட்டாயம் இருந்தது.

தோணி போனதும் இந்தக் கண்கள் போயின. முன்பக்கமாக இருந்தது வீடுகளுக்குப் பின்பக்கமாயிற்று. ஊருக்குப் பின்பக்கம் என்றால் குப்பை அங்கேதான் போகும்.

கால்வாயின் வேலை மட்டும் தீரவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பாய்ந்து வந்த நீரை இந்தப் பள்ளம் வாங்கிக்கொண்டது. பல இடங்களில் மேற்கே இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைந்தது. தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாய்க்கு வந்துதான் கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். கால்வாய் அடைத்தால் பின்னால் வெள்ளம் நிற்கும். 2015 டிசம்பரில் வெள்ளம் நின்ற தெருக்களில் இருந்தவர்களுக்கு, வழி அடைபட்டால் தண்ணீர் எங்கே வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2008-இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையுள்ள கால்வாய்களும், கோதாவரி, கிருஷ்ணா ஆற்றுப் பகுதிகளும் சேர்ந்து நான்காம் தேசிய நீர்வழி என்று மத்திய அரசு அறிவித்தது. மரக்காணத்திலிருந்து கழுவேலி வழியாகப் புதுச்சேரி வரை நீட்டுவதும் அதில் அடக்கம். காகிதத்தில் வழி இருக்கிறது. மரக்காணத்திலிருந்து சென்னைக்குத் தோணி இன்னும் புறப்படவில்லை.

திரும்ப வந்த கால்வாய்கள்

இங்கிலாந்திலும் ரயில் வந்து கால்வாய்களை ஒழித்தது. பல கால்வாய்கள் தூர்ந்தன. 1946-இல் ஆர்வலர்கள் சங்கம் சேர்த்து, இருக்கிறவற்றையாவது காப்பாற்றுவோம் என்று கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு இறங்கிச் சேறு அள்ளியவர்களும் உண்டு. சுமைப் படகுக்குப் பதில் இன்று அங்கே ஓய்வுக்குப் போகிற படகுகள் ஓடுகின்றன. வெட்ஜ்வுட் காலத்துக் கால்வாயிலும் குடும்பம் குடும்பமாகப் படகில் தங்கிப் போகிறார்கள். குட்டநாட்டில் நெல் வள்ளம் படகு வீடானதும் ஏறக்குறைய இதே கதை. ஆனால் அங்கே படகு வீடுகளின் கழிவும் எண்ணெயும் நீரைக் கெடுக்கின்றன என்ற குறை இருக்கிறது. ஆகவே படகு விட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை. யாரோ ஒருவருக்கு அந்தத் தண்ணீர் தினமும் வேண்டியிருக்க வேண்டும். கெட்டால் அவருக்கு நஷ்டம் வர வேண்டும். அப்போதுதான் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்.

கம்மாபுரத்து வாய்க்காலுக்கு

கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு பக்கத்து வாய்க்கால்களில் தோணி விட வேண்டியதில்லை. ஆனால் தோணி செய்துகொண்டிருந்த இன்னொரு வேலையை, அதாவது தலைமதகிலிருந்து கடைமடை வரை தினமும் பார்த்துக்கொண்டே போகும் வேலையை, இங்கே மனிதர்கள் செய்துகொண்டிருந்தார்கள். நீர்க்கட்டி, கம்புகட்டி, மடையன் என்று ஊருக்கு ஒரு பெயர். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் நடப்பவர். அறுவடையானால் களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள். ஊரே சேர்ந்து தூர்வாரிய வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்த பிறகு, வாய்க்கால் நமக்கும் கொல்லைப்புறமாகிவிட்டது. பக்கிங்ஹாம் கால்வாய்க்கு லாரி செய்ததை, நம் வாய்க்காலுக்கு மோட்டார் செய்தது.

மோட்டார் பாசனத்துக்குக் கைகொடுக்கலாம். வடிகாலுக்குக் கைகொடுக்காது. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தால் தண்ணீர் போக வழி வேண்டும். தாழ்வான வயலில் ஒரு வாரம் மூழ்கிய சம்பா இளம்பயிரைக் காப்பாற்ற எந்த மோட்டாராலும் முடியாது.

தமிழ்நாடு அரசு 2000-இல் கொண்டுவந்த பாசன அமைப்புகள் சட்டப்படி, நீரைப் பயன்படுத்தும் விவசாயிகளே சங்கம் அமைத்து நிர்வாகத்தில் பங்கெடுக்கலாம். 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு திட்டம் கொண்டுவந்தது. சட்டமும் திட்டமும் வரும், போகும். அதற்கு முன் ஊரில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செலவில்லாதது.

ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன்னால் ஒரு நாள், பத்துப் பேர் சேர்ந்து வாய்க்காலை மேலிருந்து கீழே வரை நடந்து பார்க்கலாம். பாசன வாய்க்காலை ஒரு நாள், வடிகாலை ஒரு நாள். அவசரப்படாமல், தோணியின் வேகத்தில். எந்த ஷட்டர் துருப்பிடித்துத் திருகவில்லை, எந்தப் பாலத்தின் குழாயில் பிளாஸ்டிக் அடைத்திருக்கிறது, எங்கே கருவேலம் முளைத்திருக்கிறது, எங்கே கரை வயலாகிவிட்டது, யார் வயலுக்குப் பக்கத்தில் உடைப்பு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். கைபேசியில் படம் எடுத்துத் தேதி போட்டு வைக்கலாம். கடைமடைக்காரர் ஒருவரும் தலைமடைக்காரர் ஒருவரும் சேர்ந்து நடப்பது முக்கியம். தலைமடைக்காரர் தன் வயலுக்கு அப்பால் தண்ணீர் படும் பாட்டைப் பார்த்தாலே பாதிச் சண்டை தீரும். ஊரின் பெரியவர் ஒருவரையும் ஒரு பையனையும் அழைத்துப் போக வேண்டும். வாய்க்காலின் பழைய அகலம் பெரியவருக்குத் தெரியும். பையனுக்கு இனிமேல் தெரிய வேண்டும்.

எழுதியதில் பாதி வேலையை ஊராரே அரை நாளில் முடித்துவிடலாம். இயந்திரம் தேவைப்படும் மீதியை மனுவாக எழுதி, படங்களை இணைத்து, நீர்வளத்துறை உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகள் இரண்டும் மழைக்கு முன்னால்தான் வருகின்றன. அங்கே தீர்மானமாக ஏற்றினால் அடுத்த ஆண்டு கேட்பதற்கு ஒரு பிடி இருக்கும்.

குடும்பத்தோடு தண்ணீரில் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மரக்காணம் வரைகூடப் போக வேண்டாம். கம்மாபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம், கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போனால் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகு கிடைக்கும். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கிறது அந்தக் காடு. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிப் போகும் தண்ணீர் கடலில் சேருவதும் அந்தப் பக்கம்தான்.